மூன்று பக்கம் வெட்டிய மேசை

ஜூன் 3, செவ்வாய்

மாடி வீட்டு அக்காவின் திரைச்சீலை இரண்டு முடித்தேன். தோள் கழன்று விழுகிற மாதிரி வலி. சாப்பாட்டு மேசைமேல் தையல் மெஷினை வைத்துத் தைத்தால் இப்படித்தான். துணி ஒவ்வொரு தையலுக்கும் மேடேறி இறங்குகிறது. கையைத் தூக்கிப் பிடித்தே உட்கார வேண்டியிருக்கிறது.

பின் அறையில் என் மகள் செய்துகொண்டிருந்த மேசை இருக்கிறது. போர்வை போட்டு மூடி வைத்திருந்தேன். இன்று போர்வையை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை.

நடுவில் மெஷின் இறங்க நீளமாக ஒரு ஓட்டை. ஓட்டையின் விளிம்பைச் சுற்றி ஒரு படி. மெஷினின் அடிப்பாகம் அந்தப் படியில் உட்கார்ந்துகொள்ளும், மெஷினும் மேசையும் ஒரே மட்டத்தில் நிற்கும். மூன்று பக்கம் படி வெட்டியாகிவிட்டது. எனக்கு எதிர்ப்பக்கம், தைத்த துணி வெளியே போகிற பக்கம், அது மட்டும் பாக்கி. பென்சில் கோடு போட்டிருக்கிறாள்.

"அம்மா, துணி வழுக்கிக்கிட்டுப் போகும் பாரு. நீ சும்மா கையை மேல வச்சிக்கிட்டிருந்தா போதும்" என்றாள். மூன்றாவது பக்கம் முடிகிறபோது மரம் செதுக்குகிற ரூட்டர் மெஷின் டக்கென்று ஒரு சத்தம் போட்டது. நிறுத்திக் கழற்றிப் பார்த்தாள். "கோலெட் போச்சு. ஞாயித்துக்கிழமை புதுசு வாங்கி வந்து முடிச்சிடறேன்."

வெள்ளிக்கிழமை காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை அவள் இல்லை.

படியின் மூலையில் மரத்தூள் அப்படியே கிடக்கிறது. ஊதக்கூட இல்லை நான்.

ஜூன் 4

நான்காவது பக்கத்தையும் வெட்டிவிட வேண்டும். அவள் மெஷினாலேயே. வேறு யார் மெஷினும் வேண்டாம்.

ஜூன் 5

கடையில் போய் முழிக்கக்கூடாது என்று எனக்கு நானே எழுதிக்கொள்கிறேன். ஐந்தாவதோடு நின்றவள், எழுதினால்தான் மண்டையில் ஏறும்.

ரூட்டர்: மரத்தில் பள்ளம் எடுக்கிற, ஓரம் செதுக்குகிற மெஷின். ஒரு கையில் பிடிக்கலாம். பிட்: அதன் வாயில் நிற்கிற கத்தி. கோலெட்: பிட்டின் காம்பைப் பிடித்துக்கொள்கிற சின்ன இரும்புக் கூம்பு. கட்டைவிரல் நுனி அளவு. சுற்றிலும் பிளவு. மேலே நட்டை இறுக்கினால் பிளவுகள் நெருங்கி வந்து காம்பைக் கவ்வும். என் மெஷினில் ஊசியைப் பிடிக்கிற திருகு மாதிரி. ஊசி நழுவினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான் இருக்கும்.

அவள் கோலெட்டில் ஒரு பக்கம் மேலிருந்து அடிவரை விரிசல். பொத்தான் டப்பாவில் போட்டு வைத்தேன்.

ரூட்டருக்கு அவள் வைத்த பேர் சிணுங்கி. போட்டவுடன் அழும். அவள் வேலை பார்த்த அலமாரிப் பட்டறையில் பெரிய மெஷின்கள் உண்டு. வீட்டுக்கு இதுதான் முடிந்தது அவளுக்கு. "மலிவுக்கு இவ்வளவு வேலை செய்யுதேம்மா, பாவம், திட்டாதே" என்பாள்.

ஜூன் 7, சனி

ஆணிக் கடை அண்ணனிடம் போனேன். கோலெட்டை வாங்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணருகில் வைத்துப் பார்த்தார்.

"இந்தக் கம்பெனியா? இதை வாங்கினவங்க எல்லாம் சேர்ந்து ஒரு சங்கமே வைக்கலாம்மா. மெஷின் வரும், அப்புறம் ஒரு திருகாணி கேட்டா ஆளே இருக்கமாட்டான்."

பிறகு சொன்னார்: "பாப்பாவை அனுப்புங்களேன். அதுக்குத்தான் அளவெல்லாம் தெரியும். வந்தா என்கிட்ட பேரம் பேசிப் பேசி என் உசிரை வாங்கும்."

அவருக்குத் தெரியாது.

"அவ வரமாட்டாண்ணே" என்றேன்.

"வேலை ஜாஸ்தியோ?"

"ஆமா."

ஏன் ஆமா என்றேன்? வாயில் அதுதான் வந்தது. வழியெல்லாம் அந்த ஆமாவை மென்றுகொண்டே வந்தேன். கொஞ்ச நேரம் அவருக்கு மட்டுமாவது அவள் எங்கேயோ வேலையில் இருக்கட்டும்.

ஜூன் 9

கம்பெனிக்குப் போன் செய்தேன். பாட்டு போட்டார்கள், போட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒரு பெண் எடுத்தாள்.

"அந்த மாடல் நிறுத்திட்டோம் மேடம். பழசைக் கொடுத்துட்டுப் புது மாடல் எடுத்துக்கலாம் மேடம்."

"பழசைக் கொடுக்கணுமா?"

"ஆமா மேடம். அது உங்களுக்கு இனி எதுக்கு மேடம்?"

போனை வைத்துவிட்டேன். அவள் மேல் கோபமில்லை. சின்னப் பெண் குரல்.

ஜூன் 14

மாடி வீட்டு அக்கா தன் போனில் தேடி ஆர்டர் போட்டுத் தந்த கோலெட் வந்தது. படத்தில் அச்சு அசல் அதேதான். பிட்டின் காம்பு உள்ளே போகவில்லை. துளை ஒரு முடி அளவு சின்னது. நாலு தடவை போட்டுப் பார்த்தேன். ஐந்தாவது தடவையும் போட்டேன். போகாதது எப்படிப் போகும்?

பிட்டில் கால் இஞ்ச் என்று போட்டிருக்கிறது. இது ஆறு மில்லி. இரண்டும் ஒன்றில்லையாம். பார்க்க ஒன்றுதான். துணியாயிருந்தால் இழுத்து விடலாம்.

ஜூன் 15

இரவுச் சமையல் செய்யவில்லை. வீட்டுக்காரர் ரொட்டி வாங்கி வந்தார்.

ஜூன் 21, சனி

இரண்டாவது கோலெட். துளை சரி. காம்பு வெண்ணெயாக இறங்கியது. அப்படியே ஒரு நிமிடம் மனசு நிறைந்துபோனது. ஆனால் கூம்பு நீளம் அதிகம், நட்டு மரையைப் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. திருகத் திருக நழுவிச் சுற்றுகிறது.

அவர் சாப்பிட்டுக்கொண்டே, "விட்டுடேன்" என்றார். அவர் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் அறையில் வேலை பார்க்கிறார். இரும்பு, நட்டு, போல்ட்டு எல்லாம் தெரியும். ஆனால் அவள் போனதிலிருந்து பின் அறை வாசலைக்கூடத் தாண்டவில்லை.

"எதை விடறது?"

"அந்தக் கோலெட்டை. தூக்கத்துலகூட கோலெட் கோலெட்னு சொல்ற."

"நீங்க தூக்கத்துல எதுவுமே சொல்றதில்ல" என்றேன்.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டார். சொல்லியிருக்கக்கூடாது. அவர் தூங்குவதே இல்லை, எனக்குத் தெரியும்.

ஜூன் 23

உடைந்த கோலெட்டை லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். எண்ணெய்க் கையோடு வாங்கிப் பார்த்துவிட்டு, லேத்காரர் கேட்டார்: "இது என்னம்மா, எலிக்கு மோதிரமா?"

அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்து எத்தனை நாளாச்சு. உடனே வெட்கமாகப் போய்விட்டது.

"இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தர முடியுமா?"

"செய்யலாம், செய்யமாட்டேன். இது ஸ்பிரிங் மாதிரி விட்டுக் கொடுத்துப் பிடிக்கிற இரும்பு. என்கிட்ட அது இல்ல. இந்த மெஷின் சுத்துற சுத்துக்கு, என் கை வேலை ஒரு இழை ஆடினாலும் பிட்டு பறந்து வந்து யார் வயித்துலயாவது நிக்கும். யார் ஓட்டப்போறா?"

"நான்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "வேணாம்மா. வீட்டுக்குப் போங்க."

ஜூன் 24

தைத்தேன். சமைத்தேன். அவ்வளவுதான்.

ஜூன் 28

மறுபடி ஆணிக் கடை. எப்படியோ தெரிந்துவிட்டிருக்கிறது அண்ணனுக்கு. கடைக்குள் நான் ஏறும்போதே எழுந்து நின்றார். ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "அன்னைக்கு நான் பாட்டுக்கு அனுப்புங்க அனுப்புங்கன்னு..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை.

"விடுங்கண்ணே. கோலெட் பார்ப்போம்."

பழைய சாமான் பெட்டி ஒன்றைக் கவிழ்த்தார். ரிப்பேருக்கு வந்து யாரும் திரும்ப வாங்காத மெஷின்களிலிருந்து கழற்றியவை. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சிணுங்கியில் போட்டுப் பார்த்தோம். நீளம், குட்டை, மரை சேரவில்லை, கூம்பு சேரவில்லை. வாடிக்கையாளர் யாராவது வந்தால், "இருங்க, இருங்க, முக்கியமான வேலை" என்று நிறுத்தி வைத்தார்.

ஒன்று உட்கார்ந்தது. நட்டும் பிடித்தது. ஆனால் துளை எட்டு மில்லி. அவள் பிட்டெல்லாம் கால் இஞ்ச். உள்ளே விட்டால் தொளதொளவென்று ஆடுகிறது.

"இதுக்கு அடாப்டர் வரும்மா" என்றார். "குழல் மாதிரி. கோலெட்டுக்குள்ள அதைப் போட்டு, அதுக்குள்ள பிட்டை விடணும். எட்டுலேர்ந்து கால் இஞ்சுக்கு இறக்குறது சாதாரணமா கிடைக்காது. சொல்லி வைக்கறேன். வந்தா போன் பண்றேன்."

கோலெட்டுக்கு அவர் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. "பாப்பா பேரம் பேசிட்டுப் போயிடுச்சுன்னு வச்சிக்கறேன்."

அந்தக் கடைப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஜூலை 2

போன் வரவில்லை.

ஜூலை 5

வரவில்லை. நானே செய்தேன். "சொல்லியிருக்கேம்மா, வந்ததும் சொல்றேன்."

ஜூலை 8

வரவில்லை.

அலமாரிப் பட்டறையிலிருந்து அவள் பெட்டியைக் கொடுத்தனுப்பினார்கள். ஒரு பென்சில், அளவு டேப், தூசிக்கு மூக்கில் கட்டுகிற துணி. அது நான் தைத்தது. கடையில் விற்கிறது காதை அறுக்கிறது என்றாள் என்று மெல்லிசு நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தேன். துவைக்காமல் மடித்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

இன்று செய்ததை எழுதாமல் இருக்க முடியாது.

இடுப்பு தொளதொளவென்று இருந்தால் உள்ளே ஒரு பட்டி வைத்துத் தைப்பேன். பாவாடை சரியாக நிற்கும். இத்தனை வருஷம் அதுதான் என் பிழைப்பு. அதே புத்தி. கோலெட் தொளதொளவென்று இருக்கிறது, உள்ளே ஒரு பட்டி வைத்தால் என்ன? அடாப்டர் என்பதும் அதுதானே?

பிஸ்கட் டின்னின் பக்கத் தகட்டை வெட்டினேன். தகடு வெட்டுகிற கத்தரி எங்கே என்று தேடவில்லை. பொறுமையில்லை. என் துணிக் கத்தரிக்கோலால் வெட்டினேன். ஆமாம், அதாலேயே. அதில் காகிதம் வெட்டினால்கூட வீட்டையே இரண்டாக்குகிறவள் நான்.

தகட்டைச் சுருட்டிப் பிட்டின் காம்பில் சுற்றி, கோலெட்டில் விட்டு, நட்டை இறுக்கினேன். நன்றாகத்தான் பிடித்தது. கையால் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. அவர் வேலைக்குப் போயிருந்தார். அவள் மூக்குத் துணியை எடுத்தேன், கட்டவில்லை, திரும்ப வைத்துவிட்டேன். என் சேலைத் தலைப்பைக் கட்டிக்கொண்டேன்.

சுவிட்ச் போட்டேன். சிணுங்கி அழுதது. அந்தச் சத்தத்தை நான்... இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாள்! பின் அறையில் அது கேட்டால் அவள் வீட்டில் இருக்கிறாள் என்று அர்த்தம். அடுப்பை அணைத்துவிட்டு டீ கொண்டு போவேன். பென்சில் கோட்டில் வைத்துத் தள்ளினேன். முதல் ஒரு சாண் அழகாக வந்தது. அவள் வெட்டிய மாதிரியே. "பாரு, பாரு"ன்னு வாய்விட்டு சொல்லிட்டேன். யார்கிட்ட சொன்னேன்?

அப்புறம் சத்தம் மாறியது. கனத்தது. மெஷின் கையைக் கீழே இழுக்கிறது. நான் தள்ளிக்கொண்டே போகிறேன், முடித்துவிடலாம் முடித்துவிடலாம் என்று. பிட்டு உள்ளேயிருந்து நழுவி நழுவி வெளியே இறங்கியிருக்கிறது, நான் மேலே நின்று பார்க்கிறேன், எப்படித் தெரியும்? சுவிட்சை நிறுத்தினபோது பலகையின் அடிப்பக்கம் வழியாகத் தரை தெரிந்தது.

படி இல்லை. நடுவில் படி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் மட்டும் பல்லு மாதிரி நிற்கிறது.

கெடுத்துட்டேன். அவ மூணு பக்கம் வெட்டி வச்சதை ஒரே நிமிஷத்துல கெடுத்துட்டேன். லேத்காரர் சொன்னார், வேணாம்னு சொன்னார். என் புத்தியை என்னன்னு சொல்றது.

என் தூள் எல்லா இடத்திலும் பறந்து விழுந்திருக்கிறது. மூலையில் கிடந்த அவள் தூளோடு கலந்துவிட்டது. எது அவளுடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

ஜூலை 11

போர்வையைப் போட்டு மூடிவிட்டேன்.

ஜூலை 12

கத்தரிக்கோலின் அலகில் மூன்று இடத்தில் பல் விழுந்திருக்கிறது. துணியை வெட்டினால் கடிக்கிறது, கிழிக்கிறது. மாடி வீட்டு அக்காவின் பாக்கித் துணியை முடியாது என்று திருப்பிக் கொடுத்தேன். "ஏண்டி, உடம்புக்கு என்ன?" என்றாள். "ஒண்ணுமில்லக்கா, கத்தரி சரியில்ல."

"கத்தரி சரியில்லைன்னா தீட்டு. இதுக்கா மூஞ்சியை இப்படி வச்சிருக்க?" என்றாள். நல்லவள். அவளிடம் என்ன சொல்ல?

கத்தரிக்கோலை அவர் பார்த்துவிட்டார். மேசைமேல் கிடந்ததை எடுத்து, அலகில் விரலை ஓட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எதை வெட்டினாய் என்று கேட்கவில்லை. குப்பைக் கூடையில் பிஸ்கட் டின் கிடந்தது.

ஜூலை 14

கத்தரிக்கோலைக் காணவில்லை. நான் தேடவும் இல்லை.

ஜூலை 17, வியாழன்

வெளியே போய்விட்டு வந்தேன். பின் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். கால் மட்டும் தெரிந்தது. என் உயிரே போய்விட்டது ஒரு நொடி.

"என்னங்க!"

"இரு. ஸ்க்ரூ ஒண்ணு பாக்கி."

எழுந்து வெளியே வந்தார். தலையெல்லாம் தூசு. படி உடைந்த பக்கத்தில் பலகைக்கு அடியிலிருந்து ஒரு மரச்சட்டத்தை வைத்து முடுக்கியிருக்கிறார். மேலே பல்லு மாதிரி நின்றதை ரம்பத்தால் அறுத்துச் சமமாக்கியிருக்கிறார். அவ்வளவுதான். சட்டமே படி ஆகிவிட்டது. இரண்டு பேரும் மெஷினைத் தூக்கி வைத்தோம். உட்கார்ந்தது.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம் வந்தது. பொங்கிக்கொண்டு வந்தது.

"யாரு உங்களைச் செய்யச் சொன்னது? அடாப்டர் வரும்னு சொல்லியிருக்காங்க இல்ல? வேற பலகை வாங்கிப் போட்டு, அவ மெஷின்லயே நான்..."

"வந்தா மறுபடி வெட்டுவ. அடுத்த தடவை பலகைக்குப் பதிலா விரலை வெட்டிக்குவ."

"இதுக்கு ரூட்டரே வேணாம்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

உள்ளங்கையில் இருந்த ஸ்க்ரூக்களை எண்ணுகிற மாதிரி புரட்டிக்கொண்டிருந்தார்.

"முதல் நாளே தெரியும். அடியில ஒரு சட்டம், அரை மணி நேர வேலை. சொன்னா நீ என்னைக் கொன்னிருப்ப." பிறகு, "முடிஞ்சிடும்னு எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு" என்றார்.

அலமாரி மேலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். கத்தரிக்கோல். தீட்டி வந்திருக்கிறார். அலகு பாதியாகத் தேய்ந்திருக்கிறது, பல் போக அவ்வளவு தீட்ட வேண்டியிருந்ததாம்.

நான் அறையைவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவர் அங்கேயே ரொம்ப நேரம் நின்றிருந்தார்.

ஜூலை 18

பேசவில்லை.

ஜூலை 19

உப்பு எங்கே என்று கேட்டார். காட்டினேன்.

ஜூலை 22

அவர் சொன்னது சரிதான். முடிந்துவிட்டது. அவள் பாக்கி வைத்துப் போன வேலை என்று இனி இந்த வீட்டில் எதுவுமில்லை. கோலெட் தேடிக்கொண்டிருந்த வரை காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது. இது தெரியாமலா தேடினேன்? தெரிந்துதான் தேடினேன் போலிருக்கிறது.

ஜூலை 26, சனி

ஆணிக் கடை அண்ணன் போன் செய்தார். குரலில் அவ்வளவு மகிழ்ச்சி.

"அடாப்டர் வந்துடுச்சும்மா! எட்டுக்குள்ள கால் இஞ்ச். அச்சாப் பொருந்துது, நானே பிட்டை விட்டுப் பார்த்துட்டேன். வர்றீங்களா, கொடுத்தனுப்பட்டுமா?"

"வேற யாராவது கேட்டா கொடுத்துடுங்கண்ணே" என்றேன்.

"இல்லம்மா. இது உங்களுக்குன்னு எடுத்து வைக்கறேன்" என்றார்.

சிணுங்கியின் ஒயரைச் சுற்றி அவள் பெட்டியில் வைத்தேன். உடைந்த கோலெட் பொத்தான் டப்பாவிலேயே இருக்கட்டும். வெள்ளைப் பொத்தான் தேடும்போதெல்லாம் விரலில் படுகிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்

மாடி வீட்டு அக்காவின் துணியைத் திரும்ப வாங்கி வந்து தைத்தேன். புது மேசையில் முதல் வேலை.

அவள் சொன்னது நிஜம். துணி வழுக்கிக்கொண்டு வருகிறது. முன்பக்கத்தில் மேசை எங்கே முடிகிறது, மெஷின் எங்கே ஆரம்பிக்கிறது என்று கைக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கவாட்டிலும் அப்படித்தான். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தேன். சின்னப் பெண், எப்படி அளந்தாளோ. தோள் வலிக்கவே இல்லை. வலித்திருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

எதிர்ப்பக்கத்தில் மட்டும் தட்டுகிறது. அவர் போட்ட சட்டம் ஒரு இழை இறக்கம். மெஷின் அந்தப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்து உட்கார்ந்திருக்கிறது. தைத்த துணியின் மடிப்பு மேசை விளிம்பில் போய் முட்டி நிற்கிறது. விரலால் தூக்கிவிட வேண்டும். மறுபடி முட்டும், மறுபடி தூக்க வேண்டும்.

அவர் டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். நான் தூக்கித் தூக்கி விடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தட்டுதா? அடியில ஒரு அட்டை வச்சா சரியாயிடும். அஞ்சு நிமிஷ வேலை."

"வேணாம்" என்றேன். "அது அப்படியே இருக்கட்டும்."

சரி என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரைச்சீலை நீளமானது. தைத்து முடிகிற வரை, துணி முட்டுகிற இடத்தில் அவர் விரலால் தூக்கிவிட்டார், நான் தைத்தேன்.